மங்குக்கு டிரானெக்ஸாமிக் அமிலம்: சீரமும் மாத்திரையும் எவ்வளவு பலன் தரும்?

கன்னத்து எலும்பின் மீதும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்பாகப் படரும் மங்குக்கென்று இன்று மருந்துக் கடையிலும் இணையக் கடையிலும் பரவலாக விற்கப்படும் பொருள்களில் டிரானெக்ஸாமிக் அமிலம் கலந்த சீரமும் ஒன்று. இந்திய நிறுவனம் ஒன்று தயாரிக்கும் 3 சதவீத சீரத்தைச் சென்ற கோடையிலிருந்து தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், ஆனால் நல்ல சன்ஸ்கிரீனுக்குப் போக மீதம் பணம் இருந்தால் மட்டுமே வாங்கலாம். இந்த வரிசையை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்பதை விளக்க, இந்த மருந்து எங்கிருந்து வந்தது, உடலுக்குள் என்ன செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் சீரம் பாட்டிலில் இருப்பதும், விபத்தில் அடிபட்டவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் ஏற்றப்படுவதும், அதிக உதிரப்போக்குக்காக மகப்பேறு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையில் இருப்பதும் ஒரே வேதிப்பொருள்தான்.

இது அழகு சாதனத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. போருக்குப் பிந்தைய ஜப்பானில், ஆய்வுக்குப் பணமில்லாத காலத்தில், உடாகோ ஒகமோடோ என்ற பெண் மருத்துவரும் அவருடைய கணவர் ஷோசுகே ஒகமோடோவும் ரத்தத்தை ஆய்வுப் பொருளாகத் தேர்ந்தெடுத்தார்கள். போதவில்லையென்றால் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் தாய்மார்கள் இறப்பதைத் தடுக்கும் மருந்து ஒன்றைக் காண வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். முதலில் எப்சிலான் அமினோகாப்ராயிக் அமிலத்தையும், பிறகு அதைவிட ஏறக்குறைய 27 மடங்கு வீரியமுள்ள டிரானெக்ஸாமிக் அமிலத்தையும் கண்டறிந்து, 1962-இல் அதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். ஆனால் பிரசவ ரத்தப்போக்கில் அதைச் சோதித்துப் பார்க்கும்படி தங்கள் ஊர் மருத்துவர்களை அவர்களால் இணங்கவைக்க முடியவில்லை. அந்தச் சோதனை உலக அளவில் நடந்து முடிவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. உடாகோ 2016-இல் 98 வயதில் காலமானார். முடிவுகள் வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு. இதை எழுதும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மருந்து வேலை செய்யும் விதம் எளிமையானது. காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் பின்னிக்கொண்டு ஓட்டையை அடைக்கின்றன. அந்தப் பின்னலைப் பின்னர் கரைப்பதற்காக உடல் பிளாஸ்மின் என்ற நொதியை உருவாக்குகிறது. பிளாஸ்மினின் முன்வடிவமான பிளாஸ்மினோஜென், லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களைப் பிடித்துக்கொண்டுதான் ஃபைப்ரினில் ஒட்ட முடியும். டிரானெக்ஸாமிக் அமிலம் லைசினின் சாயலில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. ஆகவே அது, லைசினைப் பிடிப்பதற்காகப் பிளாஸ்மினோஜெனில் இருக்கும் பிடிமானங்களில் தானே போய் உட்கார்ந்துகொண்டு, பிளாஸ்மினோஜென் ஃபைப்ரினில் ஒட்ட முடியாமல் செய்துவிடுகிறது. அதாவது, இது புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை. உறைந்தது சீக்கிரம் கரைந்துபோகாமல் காக்கிறது. மாத்திரையின் நன்மை, ஆபத்து இரண்டுமே இந்த ஒரு செயலிலிருந்துதான் வருகின்றன.

மருந்தாக இதன் தகுதியை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு. லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்த அந்த ஆய்வில் 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 விபத்து நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. மருந்து பெறாதவர்களில் 16.0 சதவீதத்தினர் இறந்தனர், பெற்றவர்களில் 14.5 சதவீதத்தினர். வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம்; ஆனால் விலை மலிவான, அனலில் கெட்டுப்போகாத, எந்த ஆம்புலன்ஸிலும் வைத்துக்கொள்ளக் கூடிய ஓர் ஊசிமருந்து இதைச் செய்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொண்டது. 2017-இல் வெளியான வுமன் ஆய்வில், பிரசவத்துக்குப் பின் கடும் ரத்தப்போக்குக்கு ஆளான 20,060 பெண்களிடையே, ரத்தப்போக்கால் நேர்ந்த இறப்பு 1.9 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைந்தது. பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் இந்தப் பலன் கூடுதலாக இருந்தது. இந்த இரு ஆய்வுகளின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறைவதும், மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பலனே இல்லாமல் போவதும் தெரிந்தன. கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசியைக் குளிர்ச்சியில் பாதுகாக்க வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் நிலையாக இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

எல்லா ரத்தப்போக்குக்கும் இது தீர்வாகாது என்பதையும் சொல்ல வேண்டும். குடல், இரைப்பை ரத்தப்போக்கில் இதைச் சோதித்து 2020-இல் வெளியான ஹால்ட்-இட் ஆய்வில் இறப்பு குறையவில்லை. மாறாக, சிரைகளில் ரத்தக்கட்டியும் வலிப்பும் சற்றே கூடின. கொடுக்கும் வழி தவறினாலும் பெரும் ஆபத்து நேரும். சிசேரியனின்போது தண்டுவடத்தில் செலுத்தும் மயக்க மருந்தின் ஆம்பூலும் (சிறு கண்ணாடிக் குப்பி) இதன் ஆம்பூலும் ஒன்றுபோல் தோன்றியதால், இது தவறுதலாக முதுகில் செலுத்தப்பட்டு நேர்ந்த உயிரிழப்புகளை அடுத்து, இரண்டையும் தனித்தனி இடத்தில் வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் எச்சரிக்கை விடுத்தது.

பெண்கள் பலருக்கு இந்த மருந்து முதலில் அறிமுகமாவது மாதவிடாயின்போதுதான். நம் ஊர் மருந்துக் கடைகளில் 500 மில்லிகிராம் மாத்திரையாக இது கிடைக்கிறது. வலிக்கான மெஃபினமிக் அமிலத்தோடு சேர்த்த மாத்திரைகளும் உண்டு. உதிரப்போக்கு மிகுந்திருக்கும் நாட்களில் மட்டும், பொதுவாக நான்கைந்து நாட்களுக்கு மிகாமல், நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு கிராம் வரை மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். ஹார்மோன் இல்லாத மருந்து என்பதும், மாதம் முழுவதும் சாப்பிட வேண்டியதில்லை என்பதும் இதன் பெரிய வசதிகள். ஆனாலும் உதிரப்போக்குக்கான காரணம் நார்த்திசுக் கட்டியா, தைராய்டா, வேறு எதுவுமா என்று பார்க்காமல் மாதாமாதம் கடையில் அட்டை வாங்கி விழுங்குவது சரியல்ல. இது அட்டவணை எச்-இல் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதே சட்டம்.

தோலுக்கு இது வந்து சேர்ந்தது தற்செயலாக. 1979-இல் ஜப்பானில், நாள்பட்ட தடிப்பு நோய்க்காக இந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஒருவருக்கு முகத்திலிருந்த மங்கும் வெளிறுவதை மருத்துவர் கவனித்தார். வெயில் படும்போது தோலின் மேலடுக்குச் செல்களில் பிளாஸ்மின் உருவாவது கூடுகிறது. அதன் விளைவாக வெளிப்படும் அராக்கிடோனிக் அமிலம், புரோஸ்டாகிளாண்டின்கள் ஆகிய வேதிப்பொருள்கள் நிறமிச் செல்களைத் தூண்டி மெலனின் என்ற நிறமியைக் கூட்டுகின்றன. பிளாஸ்மினைத் தடுத்தால் இந்தத் தூண்டுதலும் குறைகிறது. மங்கு உள்ள தோலில் நுண்ணிய ரத்தநாளங்கள் மிகுந்திருப்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அவற்றையும் இம்மருந்து ஓரளவு அடக்குகிறது. ஜப்பானில் 2007-இல் மங்குக்கென்றே டிரான்சினோ என்ற பெயரில், நாளொன்றுக்கு 750 மில்லிகிராம் அளவில், சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையாகவே இது விற்பனைக்கு வந்தது. தொடர்ந்து எத்தனை வாரம் சாப்பிடலாம் என்பதற்கு அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள்.

மங்குக்குத் தோல் மருத்துவர்கள் இங்கே பொதுவாக எழுதித் தருவது 250 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, சில மாதங்களுக்கு. உதிரப்போக்குக்குத் தரும் அளவில் இது ஆறில் ஒரு பங்குதான், சில சமயம் அதற்கும் குறைவு. பலன் எவ்வளவு? சிங்கப்பூர் தேசியத் தோல் மையத்தில் மாத்திரை சாப்பிட்ட 561 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 89.7 சதவீதத்தினருக்கு மங்கு குறைந்தது. நிறுத்திய பிறகு 27.2 சதவீதத்தினருக்குத் திரும்பியது. ஒரு பெண்ணுக்குக் காலில் ஆழ்சிரை ரத்தக்கட்டி ஏற்பட்டது; ரத்தத்தை உறையாமல் காக்கும் புரதம் எஸ் அவருக்குப் பரம்பரையாகவே குறைவு என்பது அதன் பிறகே தெரியவந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் இந்தச் சதவீதத்தை அப்படியே நம் முகத்துக்குப் பொருத்திக்கொள்ள முடியாது. இருந்தாலும், மற்ற எதற்கும் அசையாத மங்கில் மாத்திரைக்கு உண்மையான பலன் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

அதே நேரத்தில், மாத்திரை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மங்கு வருவதற்கு கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் முக்கியக் காரணங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, தன்னளவிலேயே ரத்தக்கட்டி அபாயத்தைச் சற்றுக் கூட்டக் கூடியது. அதோடு டிரானெக்ஸாமிக் மாத்திரையையும் சேர்க்கக் கூடாது. ஆகவே, மங்குக்காக இந்த மாத்திரையைத் தேடிப் போகிறவர்களிலேயே, இதைச் சாப்பிடக் கூடாதவர்கள் கணிசமாக இருப்பார்கள். முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்கள், குடும்பத்தில் அந்த வரலாறு உள்ளவர்கள், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள் எல்லோரும் மருத்துவரிடம் இதைச் சொல்லியே தீர வேண்டும். என் தோல் மருத்துவர் சீட்டு எழுதுவதற்கு முன் முகத்தைவிட அதிக நேரம் என் குடும்பத்தின் நோய் வரலாற்றைத்தான் விசாரித்தார். அம்மாவின் தங்கைக்குக் காலில் ரத்தக்கட்டி வந்ததைச் சொன்னதும் மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்து, சீரத்தைப் போடச் சொன்னார். நல்ல மருத்துவர் என்பதற்கு இந்தக் கேள்விகளையே அடையாளமாகக் கொள்ளலாம். முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மூன்று மாத மாத்திரை எழுதித் தருகிறவரிடமிருந்து விலகியிருப்பதே நல்லது.

இனி சீரம். இந்த அமிலம் நீரில் எளிதாகக் கரையும்; அதனாலேயே எண்ணெய்ப்பசையான தோலின் வெளியடுக்கைத் தாண்டி உள்ளே போவது இதற்குக் கடினம். மாத்திரையின் புகழைக் காட்டிச் சீரத்தை விற்கும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. பூசும் மருந்து பற்றிய ஆய்வுகளும் ஒரே மாதிரி பேசவில்லை. ஈரானில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களின் முகத்தில் ஒரு பக்கம் 3 சதவீத டிரானெக்ஸாமிக் அமிலமும் மறுபக்கம் நிறத்தை வெளிறச் செய்யும் ஹைட்ரோகுவினோனுடன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் 12 வாரம் பூசப்பட்டன. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிறின; ஹைட்ரோகுவினோன் பக்கத்தில் எரிச்சல் போன்ற தொல்லைகள் கூடுதலாக இருந்தன. ஆனால் தாய்லாந்தில் 2012-இல் நடந்த ஆய்வில், 5 சதவீத மருந்து பூசிய பக்கத்துக்கும் மருந்தில்லாத களிம்பு பூசிய பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை, இரண்டுமே வெளிறின. என் அனுபவத்தை மதிப்பிடும்போது இந்த இரண்டாவது ஆய்வை நான் மறக்கவில்லை.

நான் பூசும் சீரம் 30 மில்லி கண்ணாடிப் பாட்டிலில், சொட்டுக்குழாயோடு வருகிறது. நிறமும் வாசனையும் இல்லை. தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டி. முகம் கழுவித் துடைத்த பிறகு, ஈரம் சற்று இருக்கும்போதே மூன்று நான்கு சொட்டு பூசினால் எரிச்சலோ சிவப்போ இல்லாமல் இறங்கிவிடுகிறது. என்னுடையது எளிதில் தடிக்கும் தோல். வைட்டமின் சி சீரங்களும் கிளைக்காலிக் அமிலமும் எனக்கு ஒத்துக்கொண்டதில்லை. அந்த வகையில் இதன் சாந்தமே இதன் முதல் சிறப்பு. எரிச்சல் மங்கை இன்னும் கருக்கச் செய்யும் என்பதால், நம் போன்ற மாநிறத் தோலுக்கு இது வெறும் சௌகரியம் மட்டுமல்ல, சிகிச்சையின் ஒரு பகுதியே. குறை என்றால், காய்ந்த பிறகும் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு. அதற்குள் அவசரமாகச் சன்ஸ்கிரீனைத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து வெண்மையான துணுக்குகளாகத் திரண்டு உதிர்கின்றன. வேலைக்குக் கிளம்பும் காலை வேளையில் இது பெரிய தொல்லை. இரவில் மட்டும் சீரம், காலையில் சன்ஸ்கிரீன் மட்டும் என்று மாற்றிக்கொண்ட பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

பலனைக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதால், ஒரே ஜன்னலருகே, ஒரே வேளையில், விளக்கை அணைத்துவிட்டுப் படமெடுத்து வைத்தேன். முதல் மாதப் படங்களில் மாற்றம் எதுவும் இல்லை. ஆடி முடிந்தபோது மேலுதட்டின் மேலிருந்த நிழல் போன்ற பட்டை நன்றாகவே வெளிறியிருந்தது. கன்னத்தில் ஓரங்கள் கரைந்தன. நடுவிலுள்ள சாம்பல் கலந்த பழுப்பு அப்படியேதான் இருக்கிறது. நிறமி மேலடுக்கில் தங்கியிருக்கும் மங்கு சீக்கிரம் மசியும், ஆழத்தில் இறங்கிவிட்டது மெதுவாகத்தான் மசியும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அதன்படியே நடந்திருக்கிறது. நடுவில் ஊரில் கோயில் கொடைக்காக வெயிலில் நின்றபோது, சீரம் பூசிக்கொண்டே இருந்தும் கன்னம் மறுபடி கருத்தது. சீரத்தால் கிடைத்த பலன் எவ்வளவு, நிழலாலும் சன்ஸ்கிரீனாலும் கிடைத்த பலன் எவ்வளவு என்று என் ஒரு முகத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய பங்கு சன்ஸ்கிரீனுடையது என்றே நம்புகிறேன்.

அந்தச் சன்ஸ்கிரீனும் எதுவாக இருந்தாலும் போதும் என்று சொல்ல முடியாது. மங்கைக் கருக்கச் செய்வது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, மாநிறத் தோலில் நிறமியைக் கூட்டுகிறது. புற ஊதாக் கதிரிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிறமற்ற சன்ஸ்கிரீன் அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் சாயமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கிறது. மெக்சிகோவில் 2014-இல் வெளியான ஆய்வில், ஒரே மருந்தைப் பூசிய இரு குழுவினரில் இப்படிப்பட்ட சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கே மங்கு கூடுதலாகக் குறைந்தது. ஆகவே லேபிளின் பின்பக்கத்தில் அயர்ன் ஆக்ஸைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்; ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். அடுப்பருகே நெடுநேரம் நிற்பவர்களுக்கு வெப்பமும் ஒரு காரணமாகலாம்.

விலையைப் பொறுத்தவரை, இந்தியச் சீரங்கள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஸ்கின்சூட்டிக்கல்ஸ் நிறுவனத்தின் டிஸ்கலரேஷன் டிஃபென்ஸ், அமெரிக்காவில் 100 டாலருக்கு மேல் விற்கிறது. அதிலும் டிரானெக்ஸாமிக் அமிலம் 3 சதவீதமே. கூடவே 5 சதவீத நியாசினமைடும் 1 சதவீத கோஜிக் அமிலமும் உண்டு. துணைப் பொருள்களுக்கு மதிப்பில்லை என்று சொல்லமாட்டேன். நியாசினமைடு நிறமி மேலே வந்து சேர்வதைக் குறைக்கும். ஆனால் இந்த விலை வித்தியாசத்துக்குத் தக்க பலன் வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சதவீதம் அச்சிடப்படாத சீரத்தை மட்டும் எந்த விலையிலும் வாங்க வேண்டாம்.

நம் ஊரில் மங்குக்கு அதிகம் விற்பது சீரமல்ல, ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம்தான். மருத்துவர் சொன்ன சில வாரங்களுக்கு மட்டும் பூசினால் அது நல்ல மருந்து. சீட்டில்லாமல் வாங்கி வெள்ளையாகும் என்று ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நுண்ணிய ரத்தநாளங்கள் வெளியே தெரிந்து, விட்டவுடன் எரியும். முகத்தில் ரோமம் வளர்வதும் உண்டு. 2018-இல் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது இந்தத் துன்பத்தைப் பார்த்துத்தான். அப்படிப்பட்ட க்ரீமை நம்பிக் கெட்டுப்போன முகங்களோடு ஒப்பிட்டால், மெதுவாக, ஆனால் தீங்கின்றி வேலை செய்யும் டிரானெக்ஸாமிக் சீரம் எவ்வளவோ மேல். அழகு நிலையங்களில் இதே மருந்தை ஊசியாகத் தோலில் செலுத்துவதும், நுண்ணூசி உருளையால் குத்திப் பூசுவதும், டிரிப் ஏற்றுவதும் வேறு விஷயம். தோலுக்குள் ஊசியாகச் செலுத்தும் முறை கொரியாவில் 2006 முதலே ஆய்வு செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அது தோல் மருத்துவரின் கையில், கிருமி நீக்கிய கருவிகளோடு நடக்க வேண்டிய சிகிச்சை.

சீரம் வாங்குவதற்கு முன், முகத்தில் இருப்பது மங்குதானா என்று ஒரு முறையாவது தோல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். கழுத்தில் வெல்வெட் போலத் தடித்துக் கருப்பது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். அதற்கு இந்தச் சீரத்தால் பயனில்லை, ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சாயம், குங்குமம், வாசனைத் திரவியம் ஆகியவற்றின் ஒவ்வாமையால் வரும் கருமைக்கு, காரணமான பொருளை நிறுத்துவதே மருந்து. மங்கு என்று உறுதியானால், தாடையின் கீழே இரண்டு நாள் பூசிப் பார்த்துவிட்டு இரவில் தொடங்கலாம். மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்த்தும் படங்களில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் இரண்டாவது பாட்டிலுக்குச் செலவு செய்யாமல் மருத்துவரிடம் திரும்பிப் போவதே சரி. கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கர்ப்பத்தில் வந்த மங்கு பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானாகவே மங்கிவிடுகிறது, அதுவரை சாயமுள்ள சன்ஸ்கிரீனும் குடையும் போதும்.